பூட்டிக் கிடந்த தீம் பார்க்

என் மகளைப் பெண் பார்த்துவிட்டு வேண்டாமென்று போனவன் எங்கள் ஏற்காடு எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் செல்வம். அடுத்த மாதமே வேறொருத்தியை மணந்துகொண்டான். அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

எஸ்டேட் பள்ளி ஆசிரியரான என்னிடம் டீக்கடையில் ஒருநாள் கேட்டான்: "ஏனுங்க சார், மெட்ராஸ் தீம் பார்க்குக்கு எப்பப் போனா நல்லதுங்க? அவ நொம்ப ஆசைப்படறா."

பராமரிப்புக்காக அடுத்த வாரம் முழுவதும் பார்க்கை மூடுகிறார்கள் என்று அன்று காலைதான் நாளிதழில் படித்திருந்தேன். "அடுத்த வாரமே போங்க" என்றேன். எந்த பஸ், எங்கே தங்குவது என்றெல்லாம் அக்கறையாகச் சொல்லிக்கொடுத்தேன்.

அவர்கள் திரும்பியதும், ஊரார் அவனைக் கேலி செய்வதைப் பார்க்கவே டீக்கடைக்குப் போனேன். அவன் தலைகுனிந்து நின்றான். அவன் மனைவிதான் பேசினாள்.

"ராட்டினத்துல மேல போனா கடலே தெரியுதுங்க. எங்க ஊட்டுக்காரரு பயத்துல கண்ணே தொறக்கல."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் நிமிர்ந்து சிரித்தான். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"கூட்டமே இல்லீங்க சார். நீங்களும் ஊட்டம்மாவக் கூட்டிட்டு ஒருக்காப் போயிட்டு வாங்க."

பார்க் மூடியிருந்ததே என்று நான் எப்படிச் சொல்வேன்? சொன்னால், தெரிந்தே அவர்களை அனுப்பியது வெளியாகிவிடும்.

என் கோபம் அவன்மேல். கெடுத்ததோ, எனக்கு ஒரு தீங்கும் செய்யாத அந்தப் பெண்ணின் ஆசையை. அவளிடம் மன்னிப்புக் கேட்க இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.