"சரி" என்று சொன்ன பெட்டி

எண்பதுகளின் கடைசியில் மெட்ராஸில் ஓர் அலுவலகத்தில் எனக்குப் புரோகிராம் எழுதும் வேலை. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் ஒரு பெட்டி வைத்து, தண்ணீரின் ஆழத்தை அளந்து, டெலிபோன் லைன் வழியாக எங்கள் கம்ப்யூட்டருக்கு அனுப்ப வேண்டும். மண் ஏறியதாகத் தெரிந்தால் தூர்வார மிஷின் போகும். பழவேற்காட்டுப் பக்கம் என் ஊர் என்பதால் அந்த வேலையை நானே கேட்டு வாங்கினேன். கொழுப்பு, வேறென்ன.

அதுவரை மண் மேடு தட்டினால் எங்கள் குப்பத்து ஆட்களே மண்வெட்டியோடு இறங்கி வெட்டிவிடுவார்கள். கடல் தண்ணீர் உள்ளே வந்தால்தான் இறால் வரும். எந்த ஊர் எந்த இடத்தில் வலை போடலாம் என்று முறை வைத்துக் கொடுப்பதற்குப் பாடு என்று பெயர். முகத்துவாரத்தை ஒட்டிய பாடு அந்த வருஷம் எங்கள் ஊருக்கு. நைனா, அப்பாவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன், பல வருஷமாக அதற்குத்தான் காத்திருந்தார்.

"யாரும் எறங்காதீங்க நைனா. தோண்டுனா அளவு தப்பாப் போயிடும். பச்ச லைட்டு எரியிற வரிக்கும் பொட்டி மெட்ராசுக்குச் சொல்லிக்கினே இருக்கும்" என்று சொல்லிவிட்டு வந்தவன் நான்தான்.

பெட்டிக்குள் ஒரு குட்டி ஆபரேட்டிங் சிஸ்டம். இரண்டு கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ள ஆளுக்கொரு வாசல் திறக்குமே, சாக்கெட், அதன் வேலைகள் அத்தனையும் கையேட்டில் அழகாக அச்சாகியிருந்தன. மறுமுனை பதில் தராவிட்டால் ஒரு நிமிஷத்தில் விட்டுவிட்டு மறுபடி கூப்பிடு என்று எழுதினேன். பெட்டியிடமிருந்து "சரி" என்று பதில் வந்தது. மேஜைமேல் எல்லாம் ஜோராக ஓடியது. ஒயரைப் பிடுங்கிப் பார்க்கத் தோன்றவில்லை எனக்கு.

அலுவலகத் திரையில் தினமும் அதே ஆழம்தான் தெரிந்தது. நானும் சந்தோஷப்பட்டேன். ஒரு விரல்கூட ஏறாமல் இறங்காமல் கடல் தண்ணீர் நிற்குமா? மீன் பிடிக்கிறவர் பிள்ளைக்கு அது உறைக்கவில்லை!

இரண்டு மாதம் கழித்து ஊருக்குப் போனபோது, முகத்துவாரத்தை ஆட்கள் வேட்டி நனையாமல் கடந்துகொண்டிருந்தார்கள். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. என்றோ ஒருநாள் லைன் அறுந்திருக்கிறது. மறுநாளே சரிசெய்துவிட்டார்கள், ஆனால் பெட்டி மட்டும் லைன் அறுந்தபோது வராமல் போன பதிலுக்காக அன்றிலிருந்து காத்துக்கொண்டு நின்றிருக்கிறது. எங்கள் திரையோ கடைசியாக வந்த அளவையே தினமும் காட்டியிருக்கிறது.

பெட்டியை விற்றவனிடம் போய்க் கத்தினேன். "ஒரு நிமிஷத்துல விட்டுட்டு மறுபடி கூப்பிடற வசதி பேருக்குத்தான் சார் இருக்கு. சரின்னு சொல்லும், ஒண்ணும் செய்யாது. அடுத்த வெர்ஷன்ல வரும்" என்றான், டீயை உறிஞ்சிக்கொண்டே. முடியாது என்று சொல்லித் தொலைத்திருந்தால் நான் வேறு வழி பார்த்திருப்பேனே. பாவிகள்.

இறால் காலம் போனது. பாடும் அடுத்த ஊருக்குப் போய்விட்டது.

நைனாவிடம் லைன், பெட்டி, விற்றவன் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"மண்ணு ஏறுனது எங்களுக்குத் தெரியும்டா. பொட்டி சொல்லிடும்னு நீ சொன்னியேன்னுதான் லெட்டர் போடல" என்றார். பிறகு, கோபமே இல்லாமல் கேட்டார்:

"அது கெடக்கட்டும். பொன்னேரிலேர்ந்து பஸ்ஸு ஓடிக்கினுதானே இருந்துது? நீ ஒரு வாட்டி வந்து பாத்திருக்கலாம்ல?"