பூட்டிய பதினொரு வீடுகள்

என் அக்கா இருபத்தாறு வருடம் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டாள். புள்ளிவிவர அலுவலகத்தில் களப்பணி. ஒரு குடியிருப்பில் எல்லா வீட்டுக்கும் போக ஆளும் கிடையாது, நாளும் கிடையாது. அதனால் பதினான்கு வீட்டுக்கு ஒரு வீடு. முதல் வீடு எது என்று சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். ஏழு வந்தால் ஏழாவது வீடு, அடுத்தது இருபத்தொன்று, பிறகு முப்பத்தைந்து. நாய் குரைக்கிறது, மூன்று மாடி ஏற வேண்டும் என்றெல்லாம் தாண்டிப் போகக் கூடாது. பூட்டியிருந்தால் வெவ்வேறு நேரத்தில் மூன்று தடவை போக வேண்டும். அப்போதும் ஆள் இல்லையென்றால் படிவத்தில் ‘பூட்டு’ என்று எழுத வேண்டும். அடுத்த மாதம் வேறொருவர் அந்த வீடுகளுக்கு மட்டும் போவார். திறந்திருக்கிறதே என்று பக்கத்து வீட்டுக்குள் நுழைந்துவிடக் கூடாது.

மற்றவர்கள் நுழைந்துவிடுவார்கள். அக்கா நுழைய மாட்டாள். அவள் படிவங்களில் அந்த ஒரு சொல் மற்றவர்களுடையதைவிட அதிகம் இருக்கும். அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே ‘பூட்டக்கா’.

“என்ன பூட்டக்கா, இந்த வாரம் எத்தனை பூட்டு?” என்பார் பக்கத்து மேஜை எழுத்தர்.

“ஒன்பது. ஒண்ணு மிச்சம் வச்சிருக்கேன், உன் வாய்க்கு வேணுமா?”

நான் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். என் தேர்வுக் கணக்குகள் பாதிக்குமேல் ‘சமவாய்ப்பு முறையில் எடுக்கப்பட்ட மாதிரி எனக் கொள்க’ என்றுதான் ஆரம்பிக்கும். ஒருமுறை என் வினாத்தாளைப் படித்துவிட்டு அக்கா சிரித்தாள். “எனக் கொள்கவா? நீ ஒரு வரியில கொண்டுடுறே. எனக்குச் செருப்பு தேயுதுடா.”

ஆறு வருடத்துக்கு முன்னால் சிமெண்ட் ஆலைக் குடியிருப்பில் ஒரு கணக்கெடுப்பு வந்தது. இரண்டாயிரத்து எண்ணூறு வீடு. அதில் இருநூறு அக்காவுக்கு. வீட்டில் யாருக்காவது தீராத இருமலோ மூச்சுத் திணறலோ இருக்கிறதா என்று கேட்க வேண்டும். நூற்றுக்குப் பத்து வீட்டில் இருந்தால் அங்கே நிரந்தரமாக ஒரு நெஞ்சுநோய் மருத்துவமனை கட்டுவதாகப் பேச்சு. மாதிரியில் வரும் விகிதத்துக்கு இருபுறமும் ஒரு எல்லை போடுவார்கள். அந்த எல்லைக்குள் பத்து விழுந்தால் எல்லா வீட்டையும் எண்ணிப் பார்ப்பது, எல்லை முழுதும் பத்துக்குக் கீழேயே நின்றுவிட்டால் மருத்துவமனை தேவையில்லை என்று விடுவது. அதுதான் முடிவு செய்திருந்த முறை.

அந்த வேலையின் கடைசி வாரத்தில்தான் நான் அக்காவைக் கூப்பிட்டேன். என் மகளுக்குக் காய்ச்சல் இறங்கவில்லை, மனைவி வெளியூரில், எனக்குத் திருத்த வேண்டிய விடைத்தாள்கள் மலைபோலக் கிடந்தன. “நாலு நாள் வந்துட்டுப் போக்கா” என்றேன்.

“இன்னும் பதினோரு வீடு பூட்டா இருக்குடா. மூணாவது தடவை போகணும்.”

“பூட்டு எங்க ஓடிடப் போகுது? புள்ள அத்தை அத்தைன்னு அனத்துறா.”

மறுநாள் மதியமே வந்துவிட்டாள். மூன்று நாளில் காய்ச்சல் இறங்கியது. சாதாரணக் காய்ச்சல்தான். அந்தப் பதினொரு வீட்டுக்கும் பதிலாகப் பக்கத்தில் திறந்திருந்த வீடுகளில் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வண்டி ஏறினாள் என்பது எனக்கு அப்போது தெரியாது. இருபத்தாறு வருடத்தில் அந்த ஒரு காலைதான்.

முடிவு வந்தது. இருநூறில் பன்னிரண்டு வீடு, அதாவது நூற்றுக்கு ஆறு. எல்லை ஏறக்குறைய மூன்றிலிருந்து ஒன்பது வரை. பத்து அதற்குள் இல்லை. வாரம் ஒருமுறை அங்கே போய்வந்த மருத்துவ வண்டியையும் நிறுத்திவிட்டார்கள்.

எட்டு மாதம் கழித்துத் தண்ணீர்க் குழாய் பற்றிய வேறொரு கணக்கெடுப்புக்காக அக்கா அதே குடியிருப்புக்குப் போனாள். நூற்று நாற்பத்தேழாவது வீட்டு வாசலில் ஒரு பெண் பையைக் கீழே வைத்துவிட்டுப் பூட்டைத் திறந்துகொண்டிருந்தாளாம். அக்காவை ஏற இறங்கப் பார்த்தாளாம்.

“அப்ப வந்தது நீங்கதானா? எங்களுக்குப் பதிலா பக்கத்து வீட்டுல கேட்டுட்டுப் போயிட்டீங்களாமே. நாங்க பெரிய ஆஸ்பத்திரியில கிடந்தோம். வீட்டுக்காரருக்கு மூச்சே விட முடியலை.”

அக்கா தண்ணீர்க் கணக்கை விட்டுவிட்டு மற்றப் பத்து வீட்டுக்கும் போனாள். ஒரு குடும்பம் அப்போது திருமணத்துக்குப் போயிருந்தது. ஒரு வீட்டில் இருவரும் பகல் வேலை. மீதி எட்டும், அந்த நூற்று நாற்பத்தேழும், நோயாளியோடு நகரத்து ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள். நோய் இருந்ததால்தான் பூட்டு. பூட்டு இருந்ததால் கணக்கில் இல்லை. அவற்றுக்குப் பதிலாக அவள் எழுதிய வீடுகள் ஒன்றில்கூட இருமல் இல்லை.

மேற்பார்வையாளரிடம் சொன்னாள். “இருநூறுல பதினோரு வீடுதானேம்மா. அதெல்லாம் பிழை எல்லைக்குள்ள அடங்கிடும். அறிக்கை போயாச்சு, போய் வேலையைப் பாருங்க” என்றார்.

அங்கிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை. கைப்பையைத் தோளிலிருந்து இறக்கவும் இல்லை.

“அடங்குமாடா?”

“என்னக்கா?”

“மூணுலேருந்து ஒன்பதுன்னு போட்டிருக்காங்களே. அதுக்கு என்ன அர்த்தம்? எனக்குப் புரியற மாதிரி சொல்லு.”

“இதே மாதிரி நூறு தடவை இருநூறு இருநூறு வீடா எடுத்து, ஒவ்வொரு தடவையும் ஒரு எல்லை போட்டா, ஏறக்குறைய தொண்ணூத்தஞ்சு தடவை உண்மை அந்த எல்லைக்குள்ள மாட்டிக்கும்.”

“மீதி அஞ்சு?”

“அது சீட்டு விழுந்த நேரம். யார் தப்பும் இல்லை.”

“நான் செஞ்சது சீட்டு விழுந்ததா?”

“நீ என்னக்கா செஞ்சே?” என்றேன். பிறகு அவள் நடந்ததைச் சொன்னாள். கேட்கும்போதே என் மனதுக்குள் கணக்கு ஓடிவிட்டது. பன்னிரண்டோடு ஒன்பது, இருபத்தொன்று. இருநூறில் இருபத்தொன்று, பத்தரை. எல்லை ஆறிலிருந்து பதினைந்துக்குப் பக்கம். பத்து நட்டநடுவில் உட்கார்ந்திருக்கிறது. பிழை எல்லை குலுக்கலின் தப்பைத்தான் தாங்கும். கதவைப் பார்த்து வீட்டை மாற்றிய தப்பு அதன் கண்ணிலேயே படாது. இதை வருடாவருடம் கரும்பலகையில் எழுதுகிறவன் நான்.

அவள் வேலை போய்விடும் என்று பயந்தேன். அதைவிட, அவளை அவசரப்படுத்தியவன் நான்.

“அடங்கும்க்கா” என்றேன்.

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “நீ சொன்னா சரி” என்றாள். காபிகூடக் குடிக்காமல் போனாள். அதன்பிறகு எங்களுக்குள் அந்தப் பேச்சே வரவில்லை.

ஏழு வாரத்துக்கு முன்னால், அலுவலகப் படிக்கட்டில் மயங்கி விழுந்தாள். ஐம்பத்திரண்டு வயது. மூளையில் ரத்தக் கசிவு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் முடிந்துவிட்டது.

அவள் கைப்பையைக் கொடுத்தார்கள். அதில் குடை, இரண்டு பேனா, ஒரு நீள நோட்டு. நோட்டில் பதினொரு வீட்டு எண்கள். அவற்றில் நோயாளி இருந்த ஒன்பதுக்கும் எதிரே வருடத்துக்கு ஒரு தேதி. அந்த ஒன்பது வீட்டுக்கும் அவள் வருடம் தவறாமல் போயிருக்கிறாள். ‘நடக்கிறார்’, ‘படுக்கை’, ‘வேலைக்குப் போகவில்லை’. நான்கு எண்களுக்கு எதிரே ‘உயிரோடு இல்லை’ என்று எழுதி, அதற்குமேல் தேதி எதுவும் போடவில்லை.

நோட்டின் நடுவில் மடித்த தாள் ஒன்று. இயக்குநருக்குக் கடிதம். ‘பதினொரு வீடுகளை விதிக்கு மாறாக மாற்றி எழுதியது நான், மறு கணக்கெடுப்பு வேண்டும்’ என்று ஐந்தே வரி. தேதியைப் பார்த்தேன். என் வீட்டில் உட்காராமல் நின்ற அதே நாள். நான் “அடங்கும்” என்று சொன்னபோது இந்தக் கடிதம் அவள் தோளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

போன வாரம் அதை அலுவலகத்தில் கொடுத்தேன். கூடவே என் கணக்கையும், அன்று அவளிடம் நான் தெரிந்தே சொன்ன பொய்யையும் ஒரு பக்கம் எழுதி இணைத்தேன். அவளைப் ‘பூட்டக்கா’ என்று கூப்பிட்ட அதே எழுத்தர்தான் வாங்கினார். முத்திரை குத்த நேரம் எடுத்துக்கொண்டார்.

“புதுசா எண்ணச் சொல்லலாம் சார். சொல்லுவாங்களான்னு தெரியாது. அப்படியே சொன்னாலும் பூட்டின வீட்டுக்கெல்லாம் திரும்பத் திரும்ப யார் போறா இப்ப?”

இன்று மதியம் நோட்டை எடுத்துக்கொண்டு நூற்று நாற்பத்தேழுக்குப் போனேன். பூட்டியிருந்தது. பூட்டின்மேல் சிமெண்டுத் தூசி படிந்திருந்தது. பக்கத்து வீட்டு வாசலில் ஒருவர் பனியனோடு வந்து நின்றார்.

“என்ன வேணும் சார்? எங்கிட்ட கேளுங்க, நான் சொல்றேன்.”

“இல்லைங்க, இந்த வீட்டுலதான் கேட்கணும்” என்றேன். நோட்டைத் திறந்து, அக்காவின் கடைசித் தேதிக்குக் கீழே இன்றைய தேதியைப் போட்டு, ‘பூட்டு’ என்று எழுதினேன். இன்னும் இரண்டு தடவை போக வேண்டும், வேறு வேறு நேரத்தில்.