வெட்டுண்ட முன்துண்டு

எஸ்தரைத் தேர்வில் வீழ்த்தியவன் நான். அவள் சொன்ன விடை தவறு என்பதால் அன்று. அது நான் கற்பித்த விடை என்பதால்!

பாலக்காட்டுக் கல்லூரியொன்றில் நெடுங்காலமாக விலங்கியல் போதிப்பவன். என் சொல்லுக்கு மறுசொல் எழுந்ததில்லை. ஊரும் என்னை அப்படித்தான் அறியும்...

பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து படிக்க வந்தவள் எஸ்தர். ஒருநாள் ஆய்வகத்தில் கேட்டாள்: “செல்லுல புதுசா உண்டாகுற புரதத்துல சிலது மட்டும் எண்டோபிளாச வலைக்குள்ள போகுதே, அதுக்கு எப்படி சார் வழி தெரியுது?”

பாடநூலில் விடையில்லை. புதிய ஆய்விதழில் ஒரு கருதுகோளைப் படித்திருந்தேன். பெருமிதத்தோடு விளக்கினேன்: புரதத்தின் முன்நுனியில் ஒரு சிறு துண்டு முதலில் உருவாகிறது, அதுவே புரதத்தைக் கட்டும் ரைபோசோமை வலையின் சவ்வுக்கு இட்டுச் செல்கிறது, புரதம் உள்ளே நுழைந்ததும் அத்துண்டு வெட்டப்படுகிறது.

செய்முறைத் தேர்வில் அதையே அவள் சொன்னாள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் மூத்த பேராசிரியர். துறைத்தலைவர் பதவிக்கு என்னைப் பரிந்துரைக்க வேண்டியவரும் அவரே.

“புரதம் நெத்தியில விலாசம் ஒட்டிண்டு போறதாக்கும்! ஸ்டாம்பும் உண்டோ?” என்று சிரித்தார். “யாரு சொல்லிக்கொடுத்தா இதை?”

எஸ்தர் என்னைப் பார்த்தாள். நான்... மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன்.

“யாரும் சொல்லல சார். நானா நெனச்சது.”

ஏன் என்னைக் காப்பாற்றினாள்? ‘நான் சொன்னதுதான்’ என நான் ஒப்புக்கொண்டிருந்தால் போதுமே! நானோ, “இந்தப் பெண்ணுக்குக் கற்பனை அதிகம்” என்றேன். அவர் இட்ட தோல்வி மதிப்பெண்ணின் கீழ் நானும் கையொப்பமிட்டேன்.

மறுதேர்வுக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டும். அவளால் இயலாது என்பதை அறிந்தே செய்தேன். தந்தை படுக்கையில், வீட்டில் எவரேனும் கொழுந்து பறித்தால்தான் தோட்டம் தந்த லயத்து வீட்டில் குடியிருக்க முடியும். அவள் கூடை சுமந்தாள். நான் துறைத்தலைவரானேன்.

பின்னர் அக்கருதுகோள் வலுப்பெற்றது. இவ்வட்டாரத்தில் அதை முதலில் போதித்தவன் என்ற புகழ் எனக்கு! மறுத்தேனா? இல்லை...

பணி ஓய்வுக்குச் சில மாதங்களே உள்ளன. நேற்று அதே பாடம். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள். எஸ்தரின் கடைக்குட்டித் தங்கை. அக்காளின் கூலியில் படிப்பவள்.

“வெட்டின அந்தத் துண்டு அப்புறம் என்ன ஆகும் சார்?”

பாடத்தையா கேட்டாள்? அக்காள் எல்லாவற்றையும் சொல்லி அனுப்பினாளா? வகுப்பே என் முகத்தைப் பார்த்திருந்தது.

“அது பாடத்தில் இல்லை. உட்கார்” என்றேன்.

அவள் உட்காரவில்லை.