இரண்டாவதாக ஓடுகிறவர்

டொலார்ட்-டெஸ்-ஓர்மோ என்ற எங்கள் புறநகரில், ஒரு கடைத்தொகுதியின் பின்புற வாகனத் தரிப்பிடத்தில் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். போன கோடையில் விழுந்த பிறகு, என் கணவர் முதல் தடவையாகக் கழகத்தோடு மோட்டார் சைக்கிளில் போகப் போகிறார். வழியனுப்ப வருகிறேன் என்றுதான் அவரிடம் சொல்லியிருந்தேன். உண்மையில், யாராவது ஒருவர் அவரைப் பார்த்து, இன்னும் கை சரியில்லை, வீட்டுக்குப் போ என்று சொல்லமாட்டார்களா என்ற நப்பாசைதான் என்னை அங்கே கொண்டுவந்தது.

அது யூதர்களின் மோட்டார் சைக்கிள் கழகம். வேலையிடத்து நண்பர் ஒருவர் அவரைச் சேர்த்துவிட்டார்.

"அவையின்ரை கிளப்பில உங்களுக்கு என்னப்பா வேலை?" என்று அப்போது கேட்டேன்.

"மோட்டச்சைக்கிளுக்கு என்ன, ஞானஸ்நானமே குடுத்திருக்கு?" என்றார்.

சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள். ஞாயிற்றுக்கிழமைதான் ஓட்டம். ஆகவே கத்தோலிக்கரான நாங்கள் ஞாயிறுப் பூசையை விட்டுச் சனி மாலைப் பூசைக்கு மாறினோம். அது சரியா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

அவர் விழுந்தது வடக்கே மலைப்பக்கத்து வளைவொன்றில், சல்லிக்கல் சிதறிக் கிடந்த இடத்தில். தோள் எலும்பு உடைந்தது. நான் போய்ச் சேரும்வரை கழகத்தவர் இருவர் ஆஸ்பத்திரியில் அவருக்குப் பக்கத்தில் இருந்தார்கள். கை கட்டில் இருந்த காலம் முழுவதும் யாராவது ஒருவர் சூப்போ ரொட்டியோ கொண்டுவந்து தந்தார்கள். நன்றிக்கடனாக நான் ஒரு சட்டி நிறைய இறால் பொரித்துக் கொடுத்தனுப்பினேன். அவர்கள் சமயத்தில் இறால் விலக்கு என்று பின்னர்தான் தெரிந்தது. சட்டி கழுவித் துடைத்துத் திரும்பி வந்தது. இறாலை யார் சாப்பிட்டார்கள் என்று கேட்க இன்றுவரை எனக்குத் துணிவு வரவில்லை. இப்படிப்பட்ட மனிதர்களிடம் கோபப்பட முடியாததுதான் எனக்குப் பெரிய சங்கடம்.

புறப்படுமுன் வட்டமாக நின்று, வழிப்பயணத்துக்கான செபம் ஒன்றை எபிரேயத்தில் வாசித்தார்கள். முடிவில் எல்லோரும் "ஆமென்" என்றார்கள். பழக்கத்தில் நானும் சொல்லிவிட்டேன்.

முன்னால் ஓடிக் கூட்டத்தை நடத்துபவர் ஒரு பெண், மருந்துக்கடை வைத்திருப்பவர். யார் யார் எந்த இடத்தில் ஓடுவது என்று அவர்தான் சொல்வார். என் கணவரிடம், "நீங்கள் எனக்குப் பின்னால், இரண்டாவது" என்றார், ஆங்கிலத்தில்.

கணவரின் முகம் மாறியது. இரண்டாவது இடம் பழகுகிறவர்களுக்கு உரியது. போன வருடம் அனுபவசாலிகளின் இடமான கடைசிக்கு முந்தைய இடத்தில் ஓடியதை அவர் வீட்டில் ஒரு பதவி போலச் சொல்லியிருந்தார்.

"நான் பின்னுக்கே வருகிறேன்" என்றார்.

"முன்னால் நான் கொஞ்சம் வேகம் கூட்டினாலே, பின்னால் வருகிறவர்கள் பறந்துதான் பிடிக்க வேண்டும். அந்த வளைவில் நீங்கள் அப்படித்தான் விழுந்தீர்கள். கண்ணாடியில் உங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் ஓடுவேன். இன்றைக்கு உங்கள் வேகம்தான் எங்கள் எல்லோருக்கும்."

பக்கத்தில் நின்ற பருமனான ஒருவர் சிரித்தார். "இடுப்பு ஒப்பரேஷனுக்குப் பிறகு நானும் ஒரு கோடை முழுக்க அங்கேதான் ஓடினேன். நல்ல இடம். புகார் சொன்னது நான் மட்டும்தான்."

கணவர் நேரே என்னிடம் வந்தார். "வாரும், வீட்ட போவம். சின்னப்பிள்ளை மாதிரி இவவின்ரை வாலைப் பிடிச்சுக்கொண்டு போகேலாது."

நான் கேட்க விரும்பியது அதைத்தான். ஆனால் அவருக்குப் பின்னால் எஞ்சின்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஒருவர் மனம் குழம்பி நின்றால் மற்றவர்கள் புறப்படுவதில்லையாம். தலைக்கவசங்களைக் கழற்றினார்கள். யாரோ கோப்பி ஊற்றினார்கள். ஒருவரும் எங்கள் பக்கம் பார்க்கவில்லை.

எனக்கு இவரைத் தெரியும். இந்த மனவருத்தத்தோடு வீட்டுக்கு வந்தால், அடுத்த கிழமை சொல்லாமல் தனியே அதே மலைப்பக்கம் போவார்.

"போங்கோ" என்றேன்.

"என்ன?"

"ரெண்டாவதாப் போங்கோ."

"மோட்டச்சைக்கிளை வித்துப்போடுங்கோ எண்டு நீர்தானே சொன்னனீர்?"

"ஓம், சொன்னனான். இப்ப வித்தாலும் எனக்குச் சந்தோஷம்தான். ஆனா ஓடுறதெண்டா அவ சொன்ன இடத்தில ஓடுங்கோ. தனியப் போனா ஆரப்பா உங்களைத் திரும்பிப் பாப்பினம்?"

"மெல்லக் கதையும். சனம் கேக்குது."

"அவைக்குத் தமிழ் விளங்காது. உங்கடை மூஞ்சைதான் எல்லாருக்கும் விளங்குது."

அவர் மகளின் கன்னத்தைத் தட்டிவிட்டுத் திரும்பி நடந்தார். மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டுபோய் அந்தப் பெண்ணுக்குப் பின்னால் நிறுத்தினார். அந்தப் பெண் தலையை மட்டும் அசைத்தார். மற்றவர்கள் கோப்பியை மிச்சம் வைத்துவிட்டுத் தலைக்கவசங்களை மாட்டினார்கள்.

மிக மெதுவாகத்தான் போனார்கள். சந்தியில் ஒரு கார் பொறுமையிழந்து ஹோர்ன் அடித்தது. அந்தப் பெண் வேகத்தைக் கூட்டவில்லை.

தரிப்பிடம் வெறுமையானதும்தான் எனக்கு உறைத்தது. அவர் வீட்டுக்கு வருகிறேன் என்றார். போங்கோ என்றது நான். இனி ஏதாவது நடந்தால், வேண்டாமென்று சொன்னேனே என்று அழவும் எனக்கு வழியில்லை. மகளைக் கார் இருக்கையில் வைத்து வாரைக் கட்டினேன். முறுக்கிக் கிடக்கிறதோ என்று அவிழ்த்துப் பார்த்தேன். இல்லை. மறுபடி கட்டினேன்.