இஞ்சருங்கோ என்று கூப்பிட்ட பொம்மை

வாயைத் திறக்காமல் பேசுவதில் புரொபெசர் ஏரம்பமூர்த்தியை வெல்ல இந்தப் பூமியில் ஆள் பிறக்கவில்லை. பிறந்திருந்தாலும் அவரைப் பார்த்த வெட்கத்தில் ஊமையாகியிருக்கும். பினாங்கில் அவர் தும்மினால் கோலாலம்பூரில் இருக்கிற பொம்மைக்குத் தடிமன் பிடிக்கும். கொழும்பில் ஒரு துரையின் குதிரை இவர் போட்ட குரலைத் தன்னுடைய குரல் என்று நம்பி, அன்றிலிருந்து புல்லைத் தொடாமல் இடியப்பம் கேட்டு அடம்பிடித்தது.

இதில் பாதி நான் கட்டிவிட்டது. மற்றப் பாதி ஒக்லண்டில் இருக்கிற தமிழ்ச்சனம் கட்டிவிட்டது. புரொபெசர் ஒன்றும் சொன்னதில்லை. "அப்பிடியே சனம் சொல்லுது?" என்று கேட்டுவிட்டுத் தேத்தண்ணியை ஊதிக் குடிப்பார்.

த்ரீ கிங்ஸில் அவருடைய வீட்டுக்கும் எங்களுடைய வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகை வேலி. அதில் ஒரு பலகையை நான் கழற்றி வைத்திருந்தேன், போக வர. என்னுடைய படிப்பை யாழ்ப்பாணத்தில் சண்டை பாதி தின்றது. மிச்சத்தை இங்கே இங்கிலீஷ் தின்றது. 1988இல் நான் சுப்பர்மார்க்கெட்டில் பாண் ரொட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். வேலை இல்லாத நேரத்தில் யாரையாவது பயமுறுத்துவது என் தொழில்.

புரொபெசர் பிறந்தது மலாயாவில், ஈப்போவில். தகப்பன் சாவகச்சேரியிலிருந்து போன ரயில்வே கிளாக்கர். மகனும் கிளாக்கராக வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். ஆனால் ஒரு வருடம் அவுஸ்திரேலியாவிலிருந்து ஒரு வெரைட்டி ஷோ கொம்பனி வந்து இறங்கியது. நடனக்காரிகள், சைக்கிள் ஓடுகிற நாய், மடியில் பொம்மையை வைத்து அதோடு சண்டை பிடிக்கிற ஒரு வெள்ளைக்காரன். மூர்த்தி தினமும் போய் அந்த வெள்ளைக்காரனின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவனுக்கு மலேரியா பிடித்தது. கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தது மூர்த்தி. கப்பலேறும்போது அவன் பொம்மையை இவரிடமே விட்டுப் போய்விட்டான்.

இவர் அதன் ரோசா நிற முகத்துக்கு மண்ணிறம் பூசி, வேட்டி கட்டி, அதற்குக் கந்தப்பு என்றும் தனக்குப் புரொபெசர் என்றும் பேர் வைத்தார். கண்ணாடிக் கண்ணை மட்டும் மாற்ற முடியவில்லை. அதனால் ஆசியாவிலேயே நீலக் கண் உள்ள ஒரே கந்தப்பு அவர்தான்.

தகப்பன் பொம்மையைக் கிணற்றில் போடப் பார்த்தார். பிறகு, கலியாணம் செய்து வைத்தால் விசர் தெளியும் என்று சாவகச்சேரியிலிருந்து அன்னபாக்கியம் என்ற பெண்ணைக் கப்பலில் வரவழைத்தார். விசர் தெளியவில்லை. கூடியது. பினாங்கு, சிங்கப்பூர், கொழும்பு, யாழ்ப்பாணம் என்று ஷோ. ஜப்பான்காரன் வந்தபோது கந்தப்பு கோழிக்கூட்டுக்குள் ஒளிந்திருந்தார். ஷோவின் உச்சக்கட்டம் என்னவென்றால், கந்தப்பு தேவாரம் பாடப் பாட, புரொபெசர் ஒரு போத்தல் சோடாவை ஒரே மூச்சில் குடித்து முடிப்பார். சனம் எழும்பி நின்று விசிலடிக்கும். பிறகு ஊரெல்லாம் படக்கொட்டகை வந்தது, ஷோ படுத்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு ஸ்டூடியோ திறந்து மற்றவர்களைச் சிரிக்கச் சொல்லிப் படம் பிடித்தார்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது அவருடைய மகள் ரதிதேவி அக்கா. இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். தாய் செத்து, ஊரும் எரிந்த பிறகு தகப்பனைக் கூப்பிட்டுக்கொண்டவ. அப்பா என்றால் அவவுக்கு உயிர். "ஆனா பாவம் அம்மா," என்பா. "ஒரு ஷோவும் பாக்கக் குடுத்து வைக்கேல்லை. ஷோ நாளெண்டால் அவவுக்குத் தலையிடி வந்திடும். அறையைப் பூட்டிக்கொண்டு படுத்திடுவா."

கடைசி ஷோவின் பாதி ஒரு கசெற்றில் இருந்தது. அக்கா அதை எனக்குப் போட்டுக் காட்டினா. கீச்சுக் குரலில் கந்தப்பு, "இஞ்சருங்கோ, உங்களைத்தான், காது கேக்கேல்லையோ?" என்று புரொபெசரைப் போட்டு வாங்கும். சனம் உருண்டு புரண்டு சிரிக்கும். நானும் சிரித்தேன்.

அந்த வருடம் தீபாவளி விழாவுக்குப் புரொபெசர்தான் ஷோ செய்ய வேண்டும் என்று தமிழ்ச்சங்கத் தலைவர் நவரத்தினம் வீட்டுக்கே வந்து நின்றார். புரொபெசர் தொண்டை சரியில்லை, வயது சரியில்லை, பொம்மை சரியில்லை என்று என்னென்னவோ சொன்னார். அக்கா விடவில்லை. "அப்பா செய்வார்!" என்று தானே ஒப்புக்கொண்டா. அன்றைக்குப் பிறகு மனிசன் சாப்பாட்டைப் பிசைந்துவிட்டு எழும்பிப் போவார்.

எனக்கு வேறு யோசனை. கந்தப்புவை அக்காவின் காரில் சீட் பெல்ட் போட்டு இருத்தினால் அவ போடுகிற கூச்சல் எப்சம் வரை கேட்கும். அவர்களுடைய கராஜுக்குள் புகுந்து ட்ரங்குப் பெட்டியைத் திறந்து கந்தப்புவைத் தூக்கினேன். கூடவே அவருக்கு ஒரு வால் வந்தது.

ரப்பர்க் குழாய். முதுகிலிருந்து புறப்பட்டு, நீளமாய், முடிவில் ஒரு பித்தளைப் புனல். புனலில் வாயை வைத்து "ஹலோ" என்றேன். கந்தப்புவின் வாயிலிருந்து "ஹலோ" வந்தது. பொம்மையைக் கீழே போட்டேன்.

வாய் திறக்காமல் பேசுகிறவருக்குக் குழாய் எதற்கு? சோடா குடிக்கிறபோது தேவாரம் பாடியது யார்? அப்போதுதான் கசெற் ஞாபகம் வந்தது. எந்தப் பொம்மை தன் எசமானை 'இஞ்சருங்கோ' என்று கூப்பிடும்? என்னுடைய அம்மா அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவா. அவரின் பேரை அவ உச்சரித்து நான் கேட்டதே இல்லை.

"கண்டுபிடிச்சிட்டியோ?" என்றது ஒரு குரல். கராஜ் வாசலில் புரொபெசர் நின்றார்.

"தாத்தா, இது... அன்னபாக்கியம் பாட்டியோ?"

அவர் பெயின்ற் வாளியைக் கவிழ்த்து அதில் உட்கார்ந்தார். "நான் மேடையிலை வாய் திறக்காம ஒரு சொல்லும் கதைச்சதில்லைப் பிள்ளை. வீட்டிலை வரும். மேடையிலை ஏறினால் தொண்டை இறுகிடும். முதல் ஷோவிலை சனம் கூவத் தொடங்கீட்டுது. அவ திரைக்குப் பின்னாலை நிண்டவ. கலியாணம் கட்டின புதுசு. என்னைக் காப்பாத்த எண்டு கத்திப்போட்டா, 'இஞ்சருங்கோ, ஏன் முழுசுறியள்?' எண்டு. நான் பொம்மையின்ரை வாயை ஆட்டினன். சனம் விழுந்து விழுந்து சிரிச்சுது. அதுக்குப் பிறகு மேசைக்குக் கீழை அவ, மேலை கந்தப்பு, நடுவிலை இந்தக் குழாய்."

"பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாமே?"

"பொம்மையின்ரை குரலிலையும் புருசன்ரை பேர் சொல்லமாட்டன் எண்டு நிண்டவ. ஒவ்வொரு ஷோவின்ரை கடைசியிலையும் நான் கேப்பன், 'கந்தப்பு, என்ரை பேர் என்ன, சொல்லு பாப்பம்' எண்டு. ஏதாவது பகிடி சொல்லித் தப்பிடுவா. ஒவ்வொரு தரமும் வேறை வேறை. என்ன சொல்லுவா எண்டு எனக்குத் தெரியாது. கேட்டுக் கேட்டு வாயை ஆட்டுறதுதான் என்ரை வித்தை."

"ஏன் ஒளிச்சனீங்கள்?"

"அந்தக் காலம் பிள்ளை. குடும்பப் பொம்பிளை மேடையிலை கூத்தாடுறா எண்டால் அவவின்ரை சகோதரிமாருக்குக் கலியாணம் நடக்காது. தான் இருக்குமட்டும் வாய் திறக்கக்கூடாது எண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவ." குழாயை எடுத்துச் சுருட்டினார். "அவ போய்ச் சேந்திட்டா. ஆனா ரதியிட்டை எப்பிடிச் சொல்ல? அப்பன் ஒரு பொய்யன் எண்டு தெரிஞ்சால் அவள் தாங்குவாளோ? அதுவும் மேடையிலை, எல்லாருக்கும் முன்னாலை?"

அக்காவிடம் கசெற்றை இரவல் வாங்கிக்கொண்டு வேலிக்குள்ளால் வந்துவிட்டேன். அதன் பிறகு ஒரு கிழமை முழுக்க, சுப்பர்மார்க்கெட் பின்னறையில் பாணோடு கீச்சுக் குரலில் கதைத்த ஒரே ஆள் நான்தான்.

விழா மவுண்ட் றொஸ்கிலில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். வெளியில் மழை. மேடைச் சாமான் அடுக்குகிற வேலையை நான் கேட்டு வாங்கினேன். மேசையைத் தரை முட்டச் சேலையால் மூடி, மேலே கந்தப்புவை இருத்தி, குழாயைப் பின்பக்கத்தால் உள்ளே விட்டேன். பிறகு வயிற்றுக்குத்து, வெளியே நிற்கப் போகிறேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு மேசைக்குள் புகுந்தேன்.

புரொபெசர் வந்து பொம்மைக்குள் கையை வைத்தார். சேலையின் இழைக்குள்ளால் அவருடைய செருப்பு நடுங்குவது தெரிந்தது. சனம் அடங்கியது. "சபையோரே," என்றார். "நான் உங்களுக்கு ஒரு உண்மை சொல்லவேணும்..."

"இஞ்சருங்கோ!" என்றேன் குழாய்க்குள். "ஏன் முழுசுறியள்?"

மண்டபம் வெடித்துச் சிரித்தது. செருப்பு நடுங்குவதை நிறுத்தியது. அவர் மூச்சை உள்ளே இழுத்த சத்தம் குழாய்க்குள்ளால் எனக்குக் கேட்டது. நெருப்பைத் தொட்டவர் மாதிரி. அவர் அப்படியே விழுந்துவிடுவாரோ என்று நான் சேலையை விலக்கப் போனேன். விழவில்லை. "என்ன கந்தப்பு, விடிஞ்சுதோ?" என்றார், கசெற்றில் உள்ள அதே குரலில், இளமையாய்.

கசெற்றில் இருந்த அத்தனையும் சொன்னோம். யாரோ சோடாவுக்குப் பதிலாக லெமனேட் கொடுத்தார்கள். அவர் குடிக்க, நான் தேவாரம் பாடினேன். நடுவில் எனக்குக் கொஞ்சம் குரல் உடைந்தது. கந்தப்புவுக்குத் தடிமன் என்று சமாளித்தேன்.

கடைசியில் அவர் மெதுவாகக் கேட்டார். "கந்தப்பு, என்ரை பேர் என்ன, சொல்லு பாப்பம்?"

கசெற் அதற்கு முன்பே முடிந்துவிடும். என் தலைக்குள் வெறும் பாண். "ஏரம்பமூர்த்தி!" என்று கத்தினேன்.

கைதட்டல் ஓயவே இல்லை. அவருடைய செருப்பு மட்டும் அசையவில்லை.

வீட்டுக்குப் போகும்போது அக்கா காரோட்டினா. புரொபெசர் முன்னால், நானும் கந்தப்புவும் பின்னால். மவுண்ட் அல்பர்ட் ரோட்டில் சிவப்பு விளக்கில் நிற்கும்போது அவர் சொன்னார்: "ரதி, கந்தப்புவின்ரை குரல் ஒருநாளும் என்ரை இல்லை. உன்ரை அம்மாவின்ரை."

விளக்குப் பச்சையானது. கார் நகரவில்லை. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான்.

"அம்மாவோ?" என்றா அக்கா. "எங்கடை அம்மாவோ? தலையிடி எண்டு படுத்த அம்மாவோ?"

"ஒருநாளும் படுக்கேல்லை. மேசைக்குக் கீழை இருந்தவ."

அக்கா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தா. அழுகிறா என்று நினைத்தேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, ஹோர்னும் வந்தது. "என்னையும் ஏமாத்திப் பேய்க்காட்டிப்போட்டா!" என்று திரும்பத் திரும்பச் சொன்னா. பிறகு திடுக்கிட்டு நிமிர்ந்தா. "அப்ப இண்டைக்கு ஆர்?"

"எனக்கென்ன தெரியும்," என்றேன் நான். "நான் வயித்துக்குத்தோடை வெளியிலை நிண்டனான்."

"பேர் சொன்னதாலை பாக்கியம் இல்லை எண்டு தெரியும்," என்றார் புரொபெசர்.

பிடிபட்டுவிட்டேன். தோளைக் குலுக்கினேன். "சும்மா ஒரு பகிடிக்கு, தாத்தா."

அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"அந்தக் குழாய் ரெண்டு பக்கமும் கேக்கும், பிள்ளை. பகிடிக்கெண்டால் தேவாரத்துக்கை ஏன் விக்கி விக்கி அழுதனீ?"