பதினேழாம் நம்பர் முத்திரை

எங்கள் மின்விசிறிக் கம்பெனியில் அவருக்குக் ‘காது’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. என் அக்காவைக் கட்டியவர் என்பதால் நான் மச்சான் என்பேன். மற்ற இருநூறு பேருக்கும் முகத்துக்கு நேரே ‘சார்’, முதுகுக்குப் பின்னால் வெறும் காது.

அவர் செய்த வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். உட்கார்ந்து கேட்பது. கூடத்தின் கடைசியில் ஒரு இரும்புக் கொக்கி உண்டு. பொருத்தி முடித்த மின்விசிறியை அதில் மாட்டி முழு வேகத்தில் ஓடவிடுவார்கள். மச்சான் அதன் அடியில் நாற்காலி போட்டு, கண்ணை மூடிக்கொண்டு அரை நிமிடம் உட்கார்ந்திருப்பார். கம்பெனியைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள், ‘இவருக்கு உடம்பு சரியில்லையா?’ என்று விசாரித்ததுண்டு. கிர்ரென்றால் பேரிங். டிக்கென்றால் ஏதோ ஒரு திருகு. இரண்டும் இல்லாமல் மூன்றாவதாக ஒரு சத்தம் இருந்தது. அது அவர் ஒருவருக்குத்தான் கேட்கும், பெயர் சொல்லத் தெரியாது. சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டுத் தள்ளிவிடுவார். பொருத்துகிறவர்கள் வாய்க்குள்ளேயே அர்ச்சனை செய்துகொண்டு பிரித்துப் பார்ப்பார்கள். உள்ளே இரும்புத் தூள் இருக்கும். ஒரு நாளைக்கு நானூறு ஓடினால், இருபது பெருக்கல் குறி.

தேறியவற்றின் மேல் ஊதா மையில் ஒரு முத்திரை குத்துவார். பதினேழு. அது அவர் நம்பர். எங்கேயோ ஒரு வீட்டில் அந்த மின்விசிறி மக்கர் செய்து திரும்பி வந்தால், யார் கேட்டுவிட்டு அனுப்பியது என்பதை அந்த நம்பர் சொல்லிவிடும். இருபத்திரண்டு வருஷத்தில் பதினேழு என்று போட்டுத் திரும்பி வந்தவை ஆறு. ஒவ்வொன்றையும், போய்ச் சேர்ந்த சொந்தக்காரரைப் போல, மாசம் வருஷத்தோடு நினைவு வைத்திருந்தார்.

வீட்டிலும் இதே கதைதான். மூன்றாவது அறையில் குழாய் சொட்டினால் எழுந்து போவார். பக்கத்து வீட்டுத் தையல் மெஷினுக்கு எண்ணெய் போடச் சொல்லி ஆள் அனுப்பியவர். “ஊர்ல இருக்கிற சத்தம் பூரா கேக்குது. நான் சொல்றது மட்டும் காதுல விழாது” என்பாள் அக்கா.

குறை கண்டுபிடிப்பதே வேலையாக இருக்கிறவனை யார் கொஞ்சுவார்கள்? டீ நேரத்தில் அவர் பெஞ்சில் இன்னும் இரண்டு பேர் உட்கார இடமிருக்கும், யாரும் உட்கார மாட்டார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் ஒருவர்கூட ‘நல்லா செஞ்சீங்க’ என்று சொன்னதில்லை. அவரும் அதை எதிர்பார்க்கவில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் மேனேஜருக்கு எங்கள் மனசைப் பற்றிக் கவலை வந்தது. வேறு கம்பெனி மேனேஜர்கள் எல்லோருக்கும் வந்துவிட்டதாம். தொழிலாளர் மனநிலையை ஆராய ஒரு நிபுணரை வரவழைத்தார். வெள்ளை ஷூ, கையில் ஒரு ஃபைல், எதைச் சொன்னாலும் தலையைச் சாய்த்துக் கேட்கும் பழக்கம். நாங்கள் அவருக்கு ‘மனசு டாக்டர்’ என்று பெயர் வைத்தோம். டாக்டருக்குப் படித்தவரா என்று யாரும் கேட்கவில்லை.

முதல் வேலையாக ஆளுக்கு நாற்பது கேள்வி கொடுத்தார். கடைசிக் கேள்வி: ‘வேலையிடத்தில் எது உங்களை மகிழ்விக்கும்?’ பாதிப் பேர் சம்பள உயர்வு என்று எழுதினார்கள். கால்வாசிப் பேர் கழிவறைக்குத் தாழ்ப்பாள் என்று எழுதினார்கள். நான் பேக்கிங் பிரிவு. சாப்பாட்டு மணி அடித்துவிட்டது, எழுத ஒன்றும் தோன்றவில்லை. ‘பாட்டு போட்டால் நல்லா இருக்கும்’ என்று கிறுக்கிக் கொடுத்துவிட்டு ஓடினேன். இந்தக் கதையில் நடந்த எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வரிதான் காரணம். அதனால்தான் இதை நான் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு வாரம் கழித்துக் கூட்டம் போட்டு விளக்கினார் மனசு டாக்டர். சம்பளம் கேட்பது மேலோட்டமான ஆசையாம், அதன் அடியில் வேறு ஒரு ஏக்கம் ஒளிந்திருக்கிறதாம். தாழ்ப்பாள் கேட்டவர்களுக்கு ஆழ்மனதில் பாதுகாப்பு உணர்வு குறைவாம். குறையாமல் என்ன செய்யும், கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லையே. பிறகு பெரிய திரையில் என் ஒற்றை வரியைப் போட்டுக் காட்டி, “இதுதான் உள்ளத்தின் குரல்” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

கூடத்தில் எட்டு ஸ்பீக்கர் மாட்டினார்கள். கடைசிப் பகுதியில் முகங்கள் மிகவும் இறுக்கமாக இருக்கின்றன என்று சொல்லி, எட்டாவதைக் கொக்கிக்கு நேர் மேலே மாட்டினார்கள். கடைசிப் பகுதியில் இருந்ததே ஒரு முகம்தான்.

முதல் நாளே மச்சான் மேனேஜரிடம் போனார். மேனேஜர் மனசு டாக்டரிடம் அனுப்பினார். நானும் கூடப் போனேன், பாட்டுக் கேட்டவன் என்ற உரிமையில் ஒரு வார்த்தை சொல்லிப் பார்க்கலாமே என்று.

“பாட்டு ஓடினா பேரிங் சத்தம் கேக்கலை சார்” என்றார் மச்சான்.

“கேக்கலைன்னு உங்களுக்குத் தோணுது.”

“தோணலை சார். கேக்கலை.”

“தோணலை, கேக்கலை. ரெண்டு நிமிஷத்துல எத்தனை தடவை ‘இல்லை’ சொல்றீங்க பாருங்க.” தலையைச் சாய்த்து ஏதோ எழுதிக்கொண்டார். “சின்ன வயசுல உங்க வீட்டுல யாராவது பாடுவாங்களா?”

“எங்க அப்பா குளிக்கும்போது பாடுவார்.”

“உங்களுக்குப் பிடிக்குமா?”

“அவர் குரல் நல்லா இருக்காது சார்.”

மனசு டாக்டர் அதையும் எழுதிக்கொண்டார். நான் வாயைத் திறந்தேன். “நீங்க நல்ல பாசிட்டிவான ஆள். இதுல நீங்க வராதீங்க” என்று சொல்லிவிட்டார். நானும் நல்ல பிள்ளையாக மூடிக்கொண்டேன்.

மச்சான் இன்னும் இரண்டு தடவை போனார். ஸ்பீக்கரை நகர்த்திவிடுங்கள் என்றார், கொக்கியை நகர்த்திவிடுங்கள் என்றார். இரண்டு தடவையும் ஃபைலில் ‘மாற்றத்துக்கு எதிர்ப்பு’ என்று ஏறியது. அதற்குப் பிறகு மேனேஜரே கூப்பிட்டு, இன்னொரு முறை வந்தால் வேறு வேலைக்கு மாற்ற வேண்டியிருக்கும் என்று தன்மையாகச் சொன்னார்.

அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. பாட்டு வருவதற்கு முன் ஒரு நாளைக்கு இருபது பெருக்கல் குறி. வந்த முதல் வாரம் பத்து. அடுத்த வாரம் நாலு. மனசு டாக்டர் வரைபடம் போட்டார். கோடு மாடிப்படியில் உருண்டு விழுந்ததுபோல் இறங்கியது. இசை மனதைச் சாந்தப்படுத்துகிறது, சாந்தமான மனது பிழை செய்வதில்லை என்று அடியில் எழுதி, சாப்பாட்டுக்கூடத்தில் ஒட்டினார். பொருத்துகிறவர்கள் அதே திருகை அதே கையால்தான் முடுக்கிக்கொண்டிருந்தார்கள். கேட்கிறவருக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் யாருக்கு அதைச் சொல்ல மனசு வரும்? எல்லோருக்கும் நல்ல பெயர்.

மச்சானுக்கும் வந்தது. ‘இம்மாதத்தின் சிறந்த ஊழியர்’ என்று அவர் படத்தைச் சட்டம் போட்டு நுழைவாயிலில் மாட்டினார்கள். பொருத்துகிறவர்கள் வலிய வந்து தோளில் கை போட்டார்கள். டீ நேரத்தில் அவர் பெஞ்சில் நாலு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். ஒருவன் தன் டீயையே அவரிடம் நீட்டினான். மனுஷன் கரைந்துபோய்விட்டார். அக்கா அந்தப் படத்தைப் பார்க்கவென்றே ஒரு நாள் கம்பெனி வாசலுக்கு வந்தாள். கொஞ்ச நாளில் மச்சான் பாட்டைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார். ஒரு மத்தியானம் பார்த்தேன், கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார், கால் மட்டும் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறது. எனக்கு என்னவோபோல் இருந்தது. எதுவும் கேட்காமல் என் பெட்டிகளைக் கட்டப் போய்விட்டேன்.

மூன்று மாதம் தொடர்ந்து அவரே சிறந்த ஊழியர். அதற்கு ஒரு பரிசு கொடுத்தார்கள். மின்விசிறிக் கம்பெனி வேறு என்ன கொடுக்கும்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை மாட்ட நான்தான் ஏணி பிடிக்கப் போனேன். அக்கா முன்னறையைப் பெருக்கி, பக்கத்து வீட்டுக்காரியையும் கூப்பிட்டு வைத்திருந்தாள். மச்சான் தன் கையாலேயே மாட்டி, இறங்கி வந்து சுவிட்சைப் போட்டார். காற்று ஜோராக வந்தது. பக்கத்து வீட்டுக்காரி முந்தானையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“அந்த டிவியை நிறுத்து” என்றார் மச்சான்.

நிறுத்தினேன்.

“கொஞ்சம் பேசாம இருங்க எல்லாரும்.”

எனக்கே கேட்டது. பேக்கிங் பிரிவில் அட்டைப்பெட்டியைத் தவிர வேறு சத்தம் கேட்டறியாத எனக்கே கேட்டது. கிர்ரென்று, பல்லைக் கடிப்பதுபோல் மெல்லிசாக.

மச்சான் நிறுத்திவிட்டு ஏணியில் ஏறினார். மேலே குத்தியிருந்த ஊதா முத்திரையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். எனக்கு அங்கே என்ன நம்பர் இருக்கும் என்று தெரியும். இருந்தும், “என்ன மச்சான்?” என்று கேட்டேன்.

“நான்தான்” என்றார்.

“காத்து நல்லாத்தானே வருது? எதுக்கு மூஞ்சியை இப்படி வெச்சிருக்கீங்க?” என்றாள் அக்கா. அவர் இறங்கி, ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்தார். மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டபோதும் அங்கேயேதான் இருந்தார். கேட்காமல் விட்டவை ஒரு நாளைக்குப் பதினாறு, இத்தனை நாள் என்று விரலை மடக்கிக்கொண்டிருந்தார். “ஆயிரத்துக்கு மேல போயிருக்கு மாப்ளே. ஆயிரம் வீட்டுல என் நம்பர் கிர்ருங்குது.”

“அதெல்லாம் யார் மச்சான் கவனிக்கப் போறாங்க.”

“நான் கவனிச்சுட்டேனே.”

திங்கட்கிழமை அந்த மின்விசிறியைத் தோளில் வைத்துக்கொண்டு வேலைக்கு வந்தார். நேராகப் போய் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினார். பாட்டு நின்றதும் இருநூறு தலை திரும்பியது. பரிசைக் கொக்கியில் மாட்டி ஓடவிட்டார். கூடம் முழுக்கக் கேட்டது. சாக்பீஸை எடுத்துப் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, அன்றைய வேலையை ஆரம்பித்தார். மேனேஜர் வெளியூர் போயிருந்தார், தடுக்க ஆளில்லை. சாயங்காலத்துக்குள் இருபத்து நாலு பெருக்கல் குறி. டீ நேரத்தில் அவர் பெஞ்ச் பழையபடி காலியாகிவிட்டது. நான் போய் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் மற்றவர்களோடு நின்று டீ குடித்தேன்.

மறுநாள் விசாரணை. மனசு டாக்டர் புது வரைபடத்தோடு வந்திருந்தார். கோடு செங்குத்தாக ஏறியிருந்தது. “பாட்டு இல்லாத ஒரே நாள்ல குறை ஆறு மடங்கு கூடியிருக்கு. இதைவிட நிரூபணம் வேணுமா?” என்றார். அவ்வளவு பெரிய படிப்புக்கு முன்னால் யார் என்ன பேச முடியும்? மச்சானை வாசல் கேட்டுக்கு மாற்றினார்கள். லாரி வந்தால் திறக்க வேண்டும், போனால் மூட வேண்டும். அங்கே மன அழுத்தம் குறைவாம்.

மச்சான் சண்டை போடவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “அந்த நம்பரை மட்டும் எடுத்துடுங்க சார். புது ஆளுக்கு வேற நம்பர் கொடுங்க.”

மேனேஜருக்கு நிஜமாகவே புரியவில்லை. “கம்பெனியிலயே ரெக்கார்டு நல்லா இருக்கற நம்பர் அது. அதை எதுக்கு எடுக்கணும்?” என்றார்.

புது ஆளாக யாரைப் போட்டார்கள் என்று கேட்கிறீர்களா? பாசிட்டிவான ஆள், உள்ளத்தின் குரல், என்னைத்தான். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பேக்கிங் பிரிவில் எட்டு மணி நேரம் நிற்க வேண்டும், இங்கே நாற்காலி உண்டு. என் முதுகு வலிக்கு மனசு டாக்டர் என்ன பெயர் வைப்பாரோ தெரியாது.

தினமும் காலையில் கேட்டைத் திறந்துவிடும்போது மச்சான் கேட்பார்.

“கேக்குதா மாப்ளே?”

“கேக்குது மச்சான்.”

அவர் என் முகத்தைப் பார்ப்பார். பிறகு தலையை ஆட்டிவிட்டு, பின்னால் நிற்கும் லாரிக்கு வழி விடுவார். சாயங்காலம் அதே லாரி நானூறு பெட்டியோடு அவரைத் தாண்டிப் போகும். அத்தனையிலும் பதினேழு. அது போகும்வரை கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார், அவருக்கு அதுதான் வேலை.

மூன்று மாதத்துக்கு முன் நுழைவாயிலில் அவர் படத்தை எடுத்துவிட்டு என் படத்தை மாட்டினார்கள். சட்டம் அதேதான். இந்த மாதம் எனக்கும் பரிசு வந்தது. அக்கா, “ஏன்டா, வாங்கிட்டு வந்து எத்தனை நாளாச்சு, இன்னும் மாட்டலையா?” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நேரம் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். அது என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை.