மைக் அக்கா நடத்திய வீட்டுப் பள்ளிக்கூடம்

பேருந்து நிலையத்தில் அவளை எல்லோரும் மைக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று ஒலிபெருக்கியில் சொல்வது அவள் வேலை. மதியம் இரண்டு மணிக்கு ஷிப்ட் தொடங்கும். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள் என்றாலும், குரலைக் கேட்டால் ஊருக்கே சட்டம் போடுகிறவள் போலிருக்கும்.

ஒரே மகள். இரண்டாம் வகுப்பில் அவளுக்கு மூச்சிரைப்பு வந்து, பள்ளியில் இருந்த நாளைவிட மருத்துவமனையில் இருந்த நாள் அதிகமாகிவிட்டது. "வீட்லயே வச்சு சொல்லிக்கொடுங்கம்மா. அதுக்கு அனுமதி உண்டு. வருஷத்துக்கு ஒரு தடவ கல்வி அலுவலகத்திலேருந்து வந்து பார்ப்பாங்க" என்றார் டாக்டர்.

மைக் அக்கா ஒன்றை எடுத்தால் அரைகுறையாக விடுகிறவள் இல்லை. மறுவாரமே முன்னறையில் கரும்பலகை ஏறியது. கால அட்டவணை வந்தது. கைமணி ஒன்றும் வந்தது. வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கும் அவள் கணவர், காலையில் வேலைக்குக் கிளம்பும்போது மணியைப் பார்த்துவிட்டு, "நான் போகலாமா, இல்ல வருகைப் பதிவு எடுப்பியா?" என்று கேட்டார். அவள் அலமாரிக் கதவைச் சாத்தினாள். உள்ளே புது வருகைப் பதிவேடு இருந்தது.

முதல் நாளே மகள் சந்தேகம் கேட்டாள்.

"அம்மா, பாத்ரூம் போகணும்னா யார்கிட்ட கேக்கணும்?"

"டீச்சர்கிட்ட."

"டீச்சர் அடுப்படியில இருக்காங்களே."

கணக்கு ஒருமாதிரி ஓடியது. வாசிப்புதான் நொண்டியது. புத்தகத்தைக் கண்டாலே மகளுக்குக் கொட்டாவி வரும். சரி, நாமே படித்துக் காட்டுவோம் என்று நூலகத்திலிருந்து ஒரு கதைப் புத்தகம் எடுத்து வந்தாள். கப்பலின் அடித்தளத்தில் யாருக்கும் தெரியாமல் ஒளிந்துகொள்ளும் ஒரு சமையல்காரனின் கதை. கதை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மைக் அக்காவுக்குத் தெரிந்த வாசிப்பு ஒன்றே ஒன்றுதான். ஏற்ற இறக்கமில்லாமல், நிறுத்தி நிறுத்தி, எதையும் இரண்டு முறை சொல்வாள்.

"புயல் வந்தது. புயல் வந்தது. பாய்மரம் முறிந்தது. பாய்மரம்..."

"அம்மா, ஒரு தடவ சொன்னா போதும்மா!"

"கேக்காதவங்களுக்காக இன்னொரு தடவ."

"நான் ஒருத்திதானே இருக்கேன்!"

இப்படியே ஒரு வாரம் போனது. ஒருநாள், விளக்கை ஏந்திக்கொண்டு கப்பல் தலைவன் படியிறங்கி வரும் இடத்தில் கடிகாரம் ஒன்றேகாலைக் காட்டியது. கணவரும் வீடு திரும்பியிருந்தார். மைக் அக்கா புத்தகத்தை மூடிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

மறுநாள் காலையில் புத்தகத்தைத் திறந்தபோது மகள் தலையாட்டினாள். "அது வேண்டாம். முடிச்சுட்டேன்."

"யாரு படிச்சுக் காட்டினா? அப்பாவா?"

"நானேதான். எழுத்துக்கூட்டிக் கூட்டிப் படிச்சேன். உன் வேகத்துக்கு அது எவ்வளவோ பரவாயில்ல."

மைக் அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெளியே காட்டிக்கொள்ளாமல் கரும்பலகையைத் துடைத்தாள். துடைத்து முடிப்பதற்குள் வேறொரு கவலை வந்துவிட்டது.

"சரி... அவன் மாட்டிக்கிட்டானா?"

"நீயே படிச்சுக்கோ" என்றாள் மகள், அம்மாவின் குரலிலேயே.

அன்று புத்தகம் கைப்பையில் ஏறிப் பேருந்து நிலையத்துக்குப் போனது. இரண்டு அறிவிப்புகளுக்கு இடையே ஒரு பக்கம் என்று தொடங்கினாள். நாலு மணிக்குமேல் மைக்கை அணைக்க மறந்துவிட்டாள். கப்பலில் சமையல்காரனைக் கட்டித் தூக்கிக் கடலில் போடப் போகிறார்கள். "ஐயோ பாவம், அவன விட்டுடுங்கய்யா!" என்று மைக் அக்கா கதறியது நிலையம் முழுக்க எட்டுத் திசையிலும் ஒலித்தது. மூன்றாம் நடைமேடையில், டிக்கெட் இல்லாத ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்த பரிசோதகர் திடுக்கிட்டுக் கையை விட்டார். அந்த ஆள் ஒலிபெருக்கியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்டினார்.

மேலாளர் எழுத்துப்பூர்வமாக விளக்கம் கேட்டார். நடந்ததை நடந்தபடியே எழுதிக்கொடுத்தாள். ஆதாரத்துக்குப் புத்தகம் வேண்டும் என்றார். ஆதாரம் திரும்பி வரப் பதினொரு நாளானது.

அதற்குப் பிறகு கைமணி பரணுக்குப் போனது. காலையில் இருவரும் கட்டிலில் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து படிப்பார்கள், பிடிபடாததைக் கேட்டுக்கொள்வார்கள். பகலில் நிலா எப்படித் தெரிகிறது என்று மகள் கேட்டபோது, "அதுக்கும் ஷிப்ட் உண்டு" என்று முதலில் சமாளித்துப் பார்த்தாள். மகள் நம்பவில்லை. இருவருமாக நூலகத்துக்குப் போய்த் தேடினார்கள். பின்னம் மட்டும் இருவருக்குமே புரியவில்லை. அதைக் கணவர்தான் மூன்று பங்கு வெள்ளையில் ஒரு பங்கு நீலம் கலந்து, ஒரு வாளியில் முடித்துவைத்தார்.

கல்வி அலுவலகத்து அம்மா வந்த நாளில் வீடு பளபளத்தது. பாடம் எத்தனை மணிக்குத் தொடங்கும் என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று மகளுக்கு நாலு முறை சொல்லிவைத்திருந்தாள்.

"பாடம் எப்போ ஆரம்பிக்கும் பாப்பா?"

"அம்மா படிச்சு முடிச்சுட்டு புத்தகத்த எங்கிட்ட குடுத்ததும் ஆரம்பிக்கும்."

மைக் அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. அந்த அம்மா சிரிக்கவில்லை. அறிக்கையில் இரண்டு வரி எழுதினார். "மாணவி நன்றாக முன்னேறுகிறாள். தாயார் அவளைவிட."

மகள் வளர்ந்தாள். மூச்சிரைப்பு விலகியது. பூச்சிகளைப் பற்றிப் படிக்கிறேன் என்று வேறு ஊருக்குக் கல்லூரிக்குப் போய்விட்டாள். மூன்று நாள் மைக் அக்கா எந்தப் புத்தகத்தையும் தொடவில்லை. நாலாம் நாள், விட்டுப்போன பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்கு விண்ணப்பம் வாங்கி வந்தாள். தினமும் தொலைபேசியில் மகள் பாடம் நடத்தினாள். "அவசரப்படாதம்மா. ஒவ்வொரு வரியா எழுது." முதல் முறை கணக்கு காலை வாரியது. இரண்டாம் முறை தேறிவிட்டாள். கணவர் தெருவில் எதிர்ப்பட்டவர்களையெல்லாம் நிறுத்தி மதிப்பெண் சொன்னார்.

போன மாதம் விடுமுறைக்கு வந்த மகள், "அந்தச் சான்றிதழ எடும்மா, சட்டம் போட்டு மாட்டலாம்" என்றாள்.

படித்துக்கொண்டிருந்த ஏதோ ஒரு புத்தகத்தில், பக்கம் தெரிவதற்காக வைத்ததாக மைக் அக்காவுக்கு நினைவு. எந்தப் புத்தகம் என்றுதான் தெரியவில்லை. மூவரும் அலமாரியைக் கொட்டித் தேடத் தொடங்கினார்கள். அரைமணி நேரம் கழித்து வீட்டில் சத்தமே இல்லை. ஆளுக்கொரு மூலையில் ஆளுக்கொரு புத்தகம், இதுவரை எதையும் படித்தறியாத கணவர் உட்பட.

சான்றிதழ் இன்னும் கிடைக்கவில்லை.